காற்றும் கடல் நீரோட்டமும்

நிலத்தை உழுது பயிரிடுவோர்க்குக் கடலைப் பற்றிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை என்று பலர் எண்ணக்கூடும். கரைக்குப் பல காத தூரம் உள்ளே அமைந்த ஒரு கிராமத்தில் கிணறு வற்றுவதற்கும், பல்லாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள சமுத்திரத்தில் காற்றுத் தளர்வதற்கும் என்ன தொடர்பு என வினவுதல் இயல்பே. ஆயினும் மழைக்கு மூலம் கடல். அம்மழையைக் கொணர்வது காற்று. அக்காற்றே கடல் நீரையும் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்கின்றது. அவ்வாறு சென்ற நீரின் வெப்பமும் தட்பமும் காற்றின் போக்கை மறுபடியும் மாற்றுகின்றன. ஆகவே காற்றையும் கடலையும் தனித்தனியே அறிந்தால் போதாது. ஒன்று மற்றொன்றை இயக்கும் முறையையும் அறிதல் வேண்டும்.

இதனை விளக்குவதற்குத் தென் அமெரிக்காவின் மேல்கரையிலுள்ள பெரு நாடு மிகவும் ஏற்ற உதாரணமாகும். அந்நாட்டில் காற்று, நீரோட்டம், மீன், பறவை, எரு, பயிர் ஆகிய ஆறும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாய் அமைந்திருப்பதைக் கண்கூடாகக் காணலாம்.

காற்று நீரைத் தள்ளும் விதம்

ஏரிப் பாசனமுள்ள ஊரார் ஒன்றை நன்கு அறிவர். ஆடி மாதத்தில் மேல்காற்று வலுத்து வீசும்போது ஏரியின் கீழ்க்கரையில் நீர் சிறிது உயர்ந்து மோதும். மிதக்கும் சருகும் பாசியும் அக்கரையிலேயே ஒதுங்கும். காற்று நீரின் மேற்பரப்பை உராய்ந்து தன்னுடன் இழுத்துச் செல்வதே இதற்குக் காரணம். சமுத்திரத்தில் நிகழ்வதும் இதுவே.

இங்கு அலையையும் நீரோட்டத்தையும் ஒன்றென மயங்கலாகாது. கதிர் முற்றிய நெல் வயலின்மீது காற்று வீசும்போது பயிர் அலையலையாய்ச் சாய்ந்து நிமிர்கின்றது. அவ்வலை வயலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்கின்றது. ஆனால் ஒரு நாற்றும் இடம் பெயர்வதில்லை. கடலலையும் பெரும்பாலும் இத்தகையதே. நீரோட்டமோ நீரே இடம் பெயர்ந்து செல்வதாகும். கடற்கரையில் வாழும் மீனவர் இதனை நீவாடு என வழங்குவர்.

காற்றின் வேகத்தில் 100-க்கு 2 அல்லது 3 பங்கே மேற்பரப்பு நீருக்கு வந்து சேருகின்றது. மணிக்கு 20 மைல் வேகமுள்ள காற்று, நீரை மணிக்கு ஏறக்குறைய அரை மைல் வேகத்தில் நகர்த்தும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் பூமத்திய ரேகையின் இருபுறத்தும் வீசும் வியாபாரக் காற்றுகள் இரவு பகலாகப் பல மாதங்கள் திசை மாறாமல் வீசுவன. மணிக்கு அரை மைல் என்பது நாளைக்கு 12 மைல். மாதத்திற்கு 360 மைல். இவ்வாறே மகா சமுத்திரங்களின் பெரு நீரோட்டங்கள் உண்டாகின்றன. குளிர்ச்சியினாலும் உப்பின் மிகுதியினாலும் கனத்த நீர் அமிழ்ந்து, ஆழத்தில் மெல்லச் செல்லும் ஓட்டங்கள் வேறு உண்டு. மேற்பரப்பு நீரோட்டங்களில் பெரும்பாலானவற்றிற்குக் காற்றே முதற் காரணம்.

பூமியின் சுழற்சியால் உண்டாகும் திருப்பம்

காற்றுச் செல்லும் திசையிலேயே நீரும் செல்லும் என்று எண்ணுவது இயற்கை. உண்மை அவ்வாறன்று. 1893-ஆம் ஆண்டில் நார்வே நாட்டைச் சேர்ந்த நான்சென் என்பவர் பிராம் என்னும் தம் கப்பலை வடதுருவக் கடலின் பனிக்கட்டியில் வேண்டுமென்றே சிக்கவைத்து, 1896 வரை அப்பனியோடு அதனை மிதந்து செல்ல விட்டனர். அப்போது பனிக்கட்டிகள் காற்றின் திசையில் நேராகச் செல்லாமல், அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகிச் செல்வதை அவர் கண்டார். பூமியின் சுழற்சியே இதற்குக் காரணமாதல் வேண்டும் என அவர் கருதினார். சுவீடன் தேசத்து எக்மன் என்னும் விஞ்ஞானி இதனைக் கணிதத்தால் ஆராய்ந்து 1905-ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டார்.

குயவன் சக்கரத்தைக் கொண்டு இதனை ஒருவாறு விளக்கலாம். கடிகார முள் செல்லும் திசைக்கு எதிராகச் சக்கரத்தைச் சுழல விட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சுண்ணாம்புக் கட்டியால் நேர்கோடு இழுக்கவேண்டும். கை நேராகச் சென்றாலும் சக்கரத்தில் விழும் கோடு வலப்புறமாக வளைந்திருக்கும். பூமியின் வடபாதியில் நகரும் காற்றும் நீரும் இவ்வாறே வலப்புறம் திரும்புகின்றன. தென்பாதியில் இடப்புறம் திரும்புகின்றன. பூமத்திய ரேகையின்மீது மட்டும் இத்திருப்பம் இல்லை.

மேற்பரப்பு நீர் தனக்குக் கீழேயுள்ள நீரை இழுக்கின்றது. அது தனக்குக் கீழுள்ளதை இழுக்கின்றது. ஒவ்வோர் அடுக்கும் மேலடுக்கைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில், சற்று மிகுதியாகத் திரும்பிச் செல்லும். ஏறக்குறைய 150 முதல் 300 அடி ஆழத்திற்குள் காற்றின் வலிமை ஓய்ந்துவிடும். இவ்வடுக்குகள் யாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், நகர்ந்த நீர் முழுவதும் காற்றின் திசைக்குச் செங்கோணமாகச் சென்றிருப்பது விளங்கும். இம்முடிவே பின்வருவனவற்றிற்கெல்லாம் அடிப்படையாதலின் இதனை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

பெரு நாட்டுக் கடற்கரை

பெரு நாட்டின் தலைநகரான லிமா பூமத்திய ரேகைக்குத் தெற்கே 12 பாகையில் உள்ளது. சென்னை அதற்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. இரண்டும் ஏறக்குறைய ஒத்த தூரத்தில் இருப்பினும், சென்னைக் கடல் பெரும்பாலும் 26 முதல் 30 பாகை சென்டிகிரேட் வெப்பமுடையதாயிருக்க, லிமாவை அடுத்த கடல் பெரும்பாலான மாதங்களில் 15 முதல் 19 பாகையே உடையது. தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டம் இதற்கு ஒரு காரணம். அதனினும் முக்கியமான காரணம் கரையோரக் காற்றாகும்.

அக்கரையில் காற்றுத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையை ஒட்டியே வீசுகின்றது. தென்பாதியாதலால் நீர் காற்றுக்கு இடப்புறமாக, அதாவது மேற்கே, கரையை விட்டு அகன்று செல்கின்றது. அகன்ற நீரின் இடம் வெற்றிடமாக நிற்கவியலாது. கரைப்பக்கம் நிலமாதலின் அங்கிருந்து நீர் வர வழியில்லை. ஆகவே கீழேயுள்ள குளிர்ந்த நீர், நாளொன்றுக்குச் சில அடி என்னும் மெதுவான கதியில், ஓயாது மேலெழுந்து வருகின்றது.

அந்நீர் குளிர்ச்சியோடு சத்தையும் கொணர்கின்றது. கடலில் வாழும் உயிர்கள் மடிந்தபின் அமிழ்ந்து, ஆழத்தில் மக்குகின்றன. அவற்றிலிருந்து விடுபடும் தழைச்சத்தும் மணிச்சத்தும் சூரிய ஒளி புகாத ஆழத்தில் தங்கிவிடுகின்றன. ஒளியுள்ள மேற்பரப்பில் சத்து இல்லை. சத்துள்ள ஆழத்தில் ஒளி இல்லை. வெப்ப மண்டலக் கடல்கள் பல, நீல நிறத்துடன் தெளிந்து அழகாயிருந்தும் வளம் குன்றியிருப்பது இதனாலேயே. ஆழ வேரோடிய மரம் அடிமண்ணின் சத்தை உறிஞ்சி, இலையாக உதிர்த்து மேல்மண்ணில் சேர்ப்பதுபோல, பெரு நாட்டுக் கரையில் காற்று ஆழத்துச் சத்தை மேலே கொணர்ந்து ஒளியோடு சேர்ப்பிக்கின்றது. உடனே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய பாசியினங்கள் பெருகுகின்றன. அவற்றையும் அவற்றைத் தின்னும் சிற்றுயிர்களையும் உண்டு ஒருவகை நெத்திலி மீன் கோடிக்கணக்காகப் பெருகுகின்றது. அம்மீனை உண்டு நீர்க்காகம், கூழைக்கடா முதலிய கடற்பறவைகள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன.

பறவைத் தீவுகளின் எரு

இப்பறவைகள் கரையை அடுத்த சிறு தீவுகளில் தங்கிக் கூடு கட்டுவன. அவற்றின் எச்சம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்து, சின்ச்சா தீவுகளில் 100 அடிக்கும் மேற்பட்ட கனமுள்ள மேடாக உயர்ந்திருந்தது. இவ்வெருவிற்குக் குவானோ என்று பெயர். உயர்ந்த குவானோவில் 100-க்கு 14 முதல் 16 பங்கு வரை நைட்ரஜன் உண்டு. சாதாரணத் தொழு எருவில் இஃது அரைப் பங்களவே இருக்கும்.

எருவின் இச்சிறப்புக்கும் காற்றே காரணம் என்பது வியப்பிற்குரியது. கடல் நீர் குளிர்ந்திருப்பதால் அதன்மீதுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்குகின்றது. மேலெழுந்து மழை மேகமாவதில்லை. ஆதலால் அக்கரை பாலைவனமாக இருக்கின்றது. மழையில்லாமையால் எருவின் சத்துக் கரைந்து ஓடாமல் நிலைத்தது. மழை மிகுந்த நாடுகளின் பறவைத் தீவுகளிலும் எச்சம் சேர்வதுண்டு. அங்கே நைட்ரஜன் கரைந்துபோய் மணிச்சத்தே எஞ்சும். திறந்த வெளியில் மழையில் நனைய விட்ட எருக்குப்பைக்கும், கூரையிட்டுக் காத்த எருக்குழிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இன்கா மன்னர் ஆண்ட காலத்திலேயே பெரு நாட்டு உழவர் இவ்வெருவின் அருமையை அறிந்திருந்தனர். பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் அத்தீவுகளில் கால் வைப்போர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாக, 1609-இல் வெளிவந்த தம் நூலில் கார்சிலாசோ தெ லா வேகா என்பவர் எழுதியுள்ளார். ஜெர்மானிய விஞ்ஞானியான ஹம்போல்ட் 1804-இல் இவ்வெருவின் மாதிரியை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றார். 1840-க்குப் பின் கப்பல் கப்பலாக ஏற்றுமதி நிகழ்ந்தது. சீன தேசத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டோர் பலர், மூச்சை அடைக்கும் எருத்தூளில் வெட்டு வேலை செய்து அத்தீவுகளிலேயே மடிந்தனர். 1864-இல் ஸ்பெயின் தேசத்துக் கடற்படை சின்ச்சா தீவுகளைக் கைப்பற்றியதால் போரும் மூண்டது. ஆயிரமாயிரம் ஆண்டுகளில் சேர்ந்த எரு, ஒரு கோடி டன்னுக்கும் மேலாக, நாற்பது ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

அதன்பின் 1909-ஆம் ஆண்டில் குவானோவை நிருவகிக்க ஒரு கம்பெனி ஏற்பட்டது. தீவுகளுக்குக் காவல் இடப்பட்டது. பறவைகளைக் கலைக்காமல், முறை வைத்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் எரு வெட்டப்பட்டது. முதலை அழிக்காமல் வட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை இது.

காற்றுத் தளரும் ஆண்டு

பசிபிக் சமுத்திரத்தின் வெப்ப மண்டலத்தில் வியாபாரக் காற்றுக் கிழக்கிலிருந்து மேற்கே வீசி, வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியாவின் பக்கம் தள்ளிக் குவிக்கின்றது. அதனால் மேற்குக் கோடியில் கடல் மட்டம் கிழக்குக் கோடியைவிட ஏறக்குறைய ஒன்றரை அடி உயர்ந்து நிற்கும். ஏரியின் கீழ்க்கரையில் நீர் உயர்வதுபோன்ற நிகழ்ச்சியே இது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அக்காற்றுத் தளர்ந்துவிடுகின்றது. தாங்குவாரற்ற வெந்நீர் கிழக்கு நோக்கித் திரும்பி, இரண்டு மூன்று மாதங்களில் பெரு நாட்டுக் கரையை அடைகின்றது. கிறிஸ்து பிறந்த திருநாளை ஒட்டி இது தோன்றுவதால், அந்நாட்டு மீனவர் இதற்குக் குழந்தை இயேசுவைக் குறிக்கும் எல் நினோ என்னும் பெயரை இட்டனர்.

இங்கு நுட்பமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. எல் நினோ ஆண்டிலும் பெரு நாட்டுக் கரையோரக் காற்று வீசாமலிருப்பதில்லை. நீரும் கீழிருந்து மேலெழும்பாமலிருப்பதில்லை. ஆனால் வெந்நீரின் அடுக்கு மிகவும் தடித்துவிடுவதால், மேலெழும் நீரும் சத்தற்ற வெந்நீராகவே இருக்கின்றது. ஏற்றம் முன்போலவே இறைத்தும், கிணற்றில் ஊற்று மாறிவிட்டாற்போன்றது இது. பாசி குறைகின்றது; நெத்திலி ஆழத்திற்கோ தெற்கேயோ விலகுகின்றது; பறவைகள் குஞ்சுகளைக் கைவிட்டுப் பட்டினியால் இலட்சக்கணக்கில் மடிகின்றன. பாலைவனத்தில் பெருமழை பெய்து ஆறுகள் உடைப்பெடுக்கின்றன. 1982-83-லும் 1997-98-லும் வடபெருவில் இவ்வாறு பெருஞ்சேதம் விளைந்தது.

1950-க்குப் பின் நெத்திலியைப் பிடித்து உலர்த்தி மாவாக்கி, கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாக அயல்நாடுகளுக்கு அனுப்பும் தொழில் பெருகிற்று. 1970-இல் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல் நெத்திலி பிடிபட்டது. உலகில் பிடிக்கப்பட்ட கடல்மீன் அனைத்திலும் இஃது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். பறவைக்கு உரிய உணவு வலைக்குள் சென்றது. 1972-இல் எல் நினோ வந்தது. அளவு கடந்த பிடிப்பும் வெந்நீரும் சேர்ந்து, 1973-இல் பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது. மீன்மாவு கிடையாமையால் தீவனத்திற்காகச் சோயா மொச்சைக்குத் தேவை மிகுந்து, அதன் விலை ஏறிற்று. அவ்வாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் சோயா ஏற்றுமதியைச் சில காலம் தடுத்து வைத்தன. ஒரு சமுத்திரத்தில் காற்றுத் தளர்ந்தது, வேறொரு கண்டத்துக் கோழி வளர்ப்போனின் செலவைக் கூட்டியது. இப்போது பெரு அரசு மீன்வளத்தை அளந்தறிந்து பிடிப்புக்கு வரம்பு விதிக்கின்றது. 2023-இல் கடல் வெப்பமடைந்து இளமீன்களே மிகுந்திருந்தமையால், வட-மத்தியக் கடலில் அவ்வாண்டின் முதற்பருவ மீன்பிடிப்பு முழுவதும் கைவிடப்பட்டது.

இந்தியக் கடல்களில் பருவக்காற்றின் செயல்

பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் பெரு நீரோட்டங்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே திசையில் செல்வன. வட இந்துமகா சமுத்திரத்திலோ பருவக்காற்று ஆண்டிற்கு இருமுறை மாறுவதால் நீரோட்டமும் உடன் மாறுகின்றது. தென்மேற்குப் பருவத்தில் சோமாலியக் கரையோரமாக நீர் வடகிழக்கே மிகுந்த வேகத்துடன் பாயும்; வடகிழக்குப் பருவத்தில் அவ்வோட்டமே தெற்கு நோக்கித் திரும்பும். இலங்கைக்குத் தெற்கே கோடையில் கிழக்கு நோக்கியும் மாரியில் மேற்கு நோக்கியும் நீர் செல்கின்றது. சோழ மண்டலக் கரையில் மாசி பங்குனியில் நீர் வடக்கே செல்லும். கார்த்திகை மார்கழியில் தெற்கே செல்லும்.

மலையாளக் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று வடமேற்குச் சாய்வாக வீசுவதால், கரையை ஒட்டித் தெற்கு நோக்கி நீர் தள்ளப்படுகின்றது. வடபாதியாதலின் அது வலப்புறமாக, மேற்கே, கரையை விட்டு அகல, சத்து நிறைந்த குளிர்நீர் மேலெழுகின்றது. பெரு நாட்டில் நிகழ்வதே இங்குச் சிறு அளவில், சில மாதங்களுக்கு மட்டும் நிகழ்கின்றது. மத்தி என்னும் எண்ணெய்ச்சாளை மலையாளக் கரையில் பெருகுவது இதனால்தான். அம்மீன் தென்னைக்கும் காப்பிக்கும் எருவாயிற்று. முற்காலத்தில் அதனை மணலில் பரப்பி அழுக விட்டு உலர்த்துவர். 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன் துறையைத் தொடங்கிய சர் பிரெடரிக் நிக்கல்சன், மீனை வேகவைத்துப் பிழிந்து எண்ணெயை வேறாகவும் சக்கையை உலர்ந்த எருவாகவும் பிரிக்கும் முறையை அங்குப் பரவச் செய்தார்.

குடியானவர் அறிய வேண்டுவன

இந்திய வானிலைத் துறைக்கு 1904 முதல் 1924 வரை தலைவராயிருந்த சர் கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்க்கும் ஆண்டுகளை முன்னறியும் வழியைத் தேடினார். அப்போது பசிபிக்கின் ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் ஏறும்போது மறுபக்கத்தில் இறங்குவதையும், அதற்கும் இந்திய மழைக்கும் தொடர்பு இருப்பதையும் கண்டார். இவ்வழுத்த ஊசலும் பெரு நாட்டின் எல் நினோவும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்பதை 1969-இல் பியர்க்னெஸ் என்பவர் விளக்கினார். தாது வருஷப் பஞ்சம் எனத் தமிழ்நாட்டார் இன்றும் நினைவு கூரும் 1876-78 பஞ்சத்தின் இடையிலும் வலிய எல் நினோ ஒன்று நிகழ்ந்தது. 1972, 1987, 2002, 2009 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை குன்றியதும் எல் நினோ ஆண்டுகளிலேயே. எனினும் இது தவறாத விதியன்று. 1997-இல் வலிய எல் நினோ இருந்தும் மழை குறையவில்லை.

தமிழ்நாட்டிற்கு மற்றொரு வேறுபாடும் உண்டு. இம்மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கின்றது. எல் நினோ ஆண்டுகளில் அப்பருவமழை பெரும்பாலும் மிகுந்தே பெய்கின்றது. 1997-லும், சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015-லும் அவ்வாறே நிகழ்ந்தது. ஆகவே எல் நினோ என்ற செய்தி கேட்டவுடன் ஆண்டு முழுவதும் வறட்சி என்று முடிவு கட்டலாகாது. காவிரியின் நீர்ப்பிடிப்பில் தென்மேற்கு மழை குறைந்து அணை நீர் தாமதமாகலாம். அதே ஆண்டில் ஐப்பசியில் வயலில் நீர் தேங்கவும் கூடும். குறுவைக்கு நீர்ச் சிக்கனமும், சம்பாவுக்கு வடிகால் ஒழுங்கும் ஒருங்கே எண்ணவேண்டிய ஆண்டு அது. ஆடிப்பட்டத்து மானாவாரி நிலத்தில் குறைந்த நீரில் விளையும் சிறுதானியமும் பயறும் விதைப்பதும், ஐப்பசிக்கு முன் வாய்க்காலையும் வடிகாலையும் தூர் வாருவதும், ஏரிக்கரையின் பலவீனமான இடங்களைச் செப்பனிடுவதும் அறிவுடைமையாகும். பருவத்திற்கு முன் வானிலைத் துறை வெளியிடும் அறிவிப்பில் பசிபிக் கடலின் வெப்பம் கூறப்படுவது இக்காரணம் பற்றியே. அதனை வேற்று நாட்டுச் செய்தி எனத் தள்ளிவிடாமல் கேட்டறிதல் நலம்.

எருவைப் பற்றியும் பெரு நாடு ஒரு பாடம் கற்பிக்கின்றது. மழையில் கரையாத எருவே சத்துடைய எரு. பறவையைக் காத்தவனுக்கே ஆண்டுதோறும் எரு கிடைக்கும். கடற்காற்று உழவனின் ஆணைக்கு அடங்குவதன்று. தன் வீட்டு எருக்குழிக்குக் கூரையிடுவதும், தன் ஊர் ஏரிக்கரையைக் காப்பதும் அவன் கையில் உள்ளன.